இருண்ட மூலையும் சுழலும் தட்டும்

வீட்டின் வரலாற்றை எழுதுவோர் வாயிலைப் பற்றி எழுதுவர். முற்றத்தைப் பற்றியும் தூண்களைப் பற்றியும் எழுதுவர். சமையலறையைப் பற்றி எழுதியோர் சிலரே. அச்சமையலறை மேடையின் அடியில், இரண்டு அலமாரி வரிசைகள் சந்திக்கும் இருண்ட மூலையைப் பற்றி எழுதுவாரைக் காண்பது அரிது. இன்று புதுவீடு கட்டுவோரும் 'மாடுலர் கிச்சன்' அமைப்போரும் தவறாமல் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. அந்த மூலையில் எதை வைப்பது, வைத்ததை எப்படி எடுப்பது? விற்பனைக் கூடங்களில் சுழல்தட்டு, அரைவட்டத் தட்டு, கதவோடு சேர்ந்து வெளியே வரும் கம்பிக்கூடை எனப் பல விடைகள் காத்திருக்கின்றன. விடையைத் தேர்வதற்கு முன் இவ்வினா எப்படிப் பிறந்தது என்று அறிவது நலம். சுவர் தோன்றிய நாளிலிருந்து மூலை இருக்கிறது. அது சிக்கலாக மாறியதோ மிக அண்மையில்தான்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் மூலை அலமாரி என்பது பெருமைக்குரிய பொருள். முக்கோண வடிவில் செய்து, முகப்பைக் குறுக்காகத் திருப்பி, உணவருந்தும் அறையின் மூலையில் நிறுத்துவார்கள். விலையுயர்ந்த பீங்கான் பாத்திரங்கள் அதில் காட்சிக்கு இருக்கும். அறையில் எங்கே நின்றாலும் அது கண்ணில் படும். அன்று மூலை என்பது காட்டும் இடமே அன்றி ஒளிக்கும் இடம் அன்று.

மாற்றத்தின் முதற்புள்ளியை 1869இல் வைக்கலாம். அவ்வாண்டில் கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவும் 'அமெரிக்கப் பெண்ணின் இல்லம்' என்ற நூலை வெளியிட்டனர். வேலையாட்களை நம்பியிராமல் இல்லத்தலைவியே நடத்தும் வீட்டை அந்நூல் முன்வைத்தது. நீராவிக் கப்பலின் சமையற்கட்டில் எல்லாப் பொருளும் சமையற்காரரின் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதைச் சுட்டி, வீட்டுச் சமையலறையிலும் தொடர்ந்த வேலைமேடை, அதன் அடியில் மாவுத்தொட்டி, மேலே தட்டுகள் என்ற அமைப்பை அது வரைந்து காட்டியது. தனித்தனி மேசையும் பெட்டியும் சேர்ந்து ஒரே மேடையாகும் எண்ணம் இங்கே தெளிவு பெற்றது எனலாம்.

1911இல் ஃபிரெடரிக் டெய்லரின் 'அறிவியல்முறை மேலாண்மைக் கோட்பாடுகள்' வெளிவந்தது. தொழிற்சாலைத் தொழிலாளியின் அசைவுகளை அளந்த அக்கோட்பாட்டைக் கிறிஸ்டீன் ஃபிரெடரிக் மறு ஆண்டே இதழ்க் கட்டுரைகள் வழியாக அடுக்களைக்குள் கொண்டுவந்தார். பாத்திரம் துலக்க எத்தனை அடி நடக்கிறோம், எத்தனை முறை குனிகிறோம் என்று எண்ணும் வழக்கம் அவ்வாறு தொடங்கியது. அவ்வெழுத்து ஜெர்மன் மொழிக்குச் சென்றது. அதைப் படித்தவர்களுள் வியன்னாவின் இளம் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கியும் ஒருவர்.

அவர் எர்ன்ஸ்ட் மை தலைமையிலான பிராங்க்பர்ட் நகர வீட்டுத்திட்டத்துக்காக 1926இல் வடிவமைத்ததே புகழ்பெற்ற 'பிராங்க்பர்ட் சமையலறை'. அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயிலில் உள்ள உணவுப்பெட்டியின் சமையற்கட்டு அதற்கு ஒரு முன்மாதிரி. அரிசி, சர்க்கரை போன்றவற்றைப் போட்டுவைக்கக் கைப்பிடியும் வாய்மூக்கும் கொண்ட அலுமினியப் பேழைகள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. ஒன்றை உருவி அப்படியே பாத்திரத்தில் சரிக்கலாம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இச்சமையலறை அமைந்தது. அதை வடிவமைக்கும் முன் தாம் சமைத்ததே இல்லை என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. பெண்ணின் உழைப்பைக் குறைப்பதே அவர் நோக்கம். ஆயினும் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அவ்வறை, பெண்ணைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியது என்று பின்வந்த பெண்ணியலார் குறைகூறியதையும் மறுப்பதற்கில்லை.

நேர்கோட்டு மேடைக்கு மூலைச் சிக்கல் இல்லை. மேடை வளையும்போதுதான் அது எழுகிறது. 1929இல் பொறியாளர் லிலியன் கில்பிரெத், அடுப்பும் வேலைமேடையும் பொருள்வைப்பும் ஒன்றையொன்று நெருங்கி நிற்குமாறு ஒரு மாதிரிச் சமையலறையை அமைத்தார். பின்னர் 1940களில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் சிறுவீட்டு ஆய்வுக்குழு, அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையிலான 'வேலை முக்கோணம்' என்ற கருத்தைப் பரப்பியது. நடை குறைந்தது; மேடை 'ட' வடிவிலும் 'ப' வடிவிலும் வளைந்தது. வளைந்த இடத்தில் ஓர் இருட்டறை பிறந்தது. அடி அலமாரியின் ஆழம் ஏறத்தாழ 60 செ.மீ. என்றால், இரண்டு வரிசைகள் சந்திக்குமிடத்தில் 60க்கு 60 செ.மீ. சதுரம் எந்தப் பக்கமும் முகமின்றி உள்ளே அடைபட்டுப்போகும். நடையில் மிச்சமான உழைப்பு குனிவதிலும் கைநீட்டுவதிலும் செலவாயிற்று.

இதற்கு வந்த மாற்றுகளுள் பெயர்பெற்றது சுழல்தட்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'லேஸி சூசன்' என்று பெயர், அதாவது 'சோம்பேறி சூசன்'. அதன் முன்னோர் மூலையில் பிறக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயச் செல்வர் வீட்டு உணவுமேசையின் அருகே, நடுத்தண்டில் சுழலும் அடுக்குத் தட்டுகள் நின்றன. பணியாளர் காதில் விழாமல் விருந்தினர் பேசிக்கொள்வதற்காக வந்த ஏற்பாடு அது. 1917இல் வெளியான ஓர் அமெரிக்க விளம்பரத்தில் மகோகனி மரத்தாலான சுழல்தட்டு இப்பெயரோடு 8.50 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. சூசன் யார் என்று தேடிப் பயனில்லை. வேலைக்காரப் பெண்ணுக்கு வழங்கிய பொதுப்பெயராக அது இருந்திருக்கலாம். ஆனால் பெயரின் ஏளனம் தெளிவு: நாளெல்லாம் உழைத்தவள் சோம்பேறி, அவள் இடத்தில் தட்டு சுழல்கிறது. பின்னர் அதே தட்டு மேசையிலிருந்து இறங்கி, இல்லத்தலைவி குனியும் மூலைக்குள் சென்றது. வேலைக்காரி போனபின் வேலை இல்லத்தலைவியின் தலையில் விழுந்த வரலாறு இப்பெயருக்குள் இருக்கிறது.

தமிழர் அடுக்களைக்கு வருவோம். இங்கும் மூலை வெற்றிடமாக இருந்ததில்லை. தென்கிழக்குக்கு அக்கினி மூலை என்று பெயரிட்டு அடுப்பையே அங்கே வைத்தவர்கள் நாம். தரையில் அமர்ந்து சமைத்த நாளில், பெரியது அடியிலும் சிறியது மேலுமாக அடுக்குப்பானைகள் சுவரோரம் நின்றன. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் உறி தொங்கியது. குதிரில் நெல்லை மேலே கொட்டி, அடியிலுள்ள துளை வழியாக எடுத்தார்கள். ஆகவே முன்னே போட்டது முன்னே வெளிவந்தது. பிராங்க்பர்ட்டின் அலுமினியப் பேழையைப் போலவே, எடுக்கும் கையை எண்ணிச் செய்தது அது. நின்று சமைக்கும் மேடையும் அதன் அடியில் கடப்பைக் கல் தட்டுகளும் வந்தபின் நமக்கும் வளைவு வந்தது. வளைவோடு இருளும் வந்தது. முன்னே வைப்பது முன்னே எடுபடும், பின்னே போனது வண்டு விழும் வரை கிடக்கும் என்று குதிரின் நெறி தலைகீழாயிற்று.

எனவே தேர்வுக்கு வரலாறு சொல்லும் அறிவுரை எளிது. முழுவட்டச் சுழல்தட்டு எளிதில் சுற்றும். ஆனால் சதுரத்துக்குள் வட்டம் ஏறத்தாழ 78.5 விழுக்காட்டுப் பரப்பையே பயன்படுத்தும். விளிம்பில்லாத தட்டாயின் பொருள் பின்னே விழுந்து சுழற்சியையே நிறுத்திவிடும். டப்பாக்களுக்கும் எண்ணெய்ப் புட்டிகளுக்கும் அது ஏற்றது. வெளியே வரும் தட்டுகள் குனிவதைக் குறைக்கும், விலை கூடும், தாங்கும் எடையைக் கேட்டறியாமல் இட்லிக் கொப்பரையையும் அண்டாவையும் ஏற்றுதல் ஆகாது. கனமானவற்றுக்கு மூலையை விட்டு நேர்வரிசையில் ஆழமான இழுப்பறை வைப்பதே முறை. மூலையின் பின்புறம் வேறோர் அறையாயின் அப்பக்கம் கதவு வைக்கலாம். இவை எதுவும் பொருந்தாவிடில் மூலையை மூடிவிடுவதும் ஒரு தீர்வே. அடைத்த மூலையால் முதுகு வலிப்பதில்லை.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பின் தலைப்பாகவே வெளிவந்தது. சமையலறை வீட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்பது கட்டடக் கேள்வி மட்டுமன்று என்பதைத் தமிழ் வாசகர் அதிலிருந்து அறிவர். 'மூலையில் உட்கார வைத்தல்' என்ற வழக்கைப் பெண்ணுக்கென்றே வைத்திருந்த மொழி நம்முடையது. அலமாரியின் அளவைத் தச்சர் எடுக்கிறார். விலையை வீட்டுக்காரர் பேசுகிறார். நாள்தோறும் அம்மூலைக்குள் கைநீட்டப்போகிறவரின் உயரம் என்ன, முழங்கால் வலி உண்டா, எதை எத்தனை நாளுக்கொருமுறை எடுப்பார் என்று கேட்பவர் பெரும்பாலும் இல்லை. பீச்சர் முதல் கில்பிரெத் வரை இப்பெண்கள் ஒருநூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவைத்த கேள்விகள் இவை. தட்டைத் தேர்வதற்கு முன் இவற்றை நாமும் நம் வீட்டில் கேட்டாக வேண்டும்.