இரைப்பை வாயிலும் உழைச்செல்வாரும்

'மருந்து' என்னும் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக எண்ணினார். இந்நான்காமவரை 'உழைச்செல்வான்' என்பது அவர் வழக்கு. மருத்துவ வரலாறு எழுதினோரிற் பலர் முதல் மூவரோடு நின்றுவிடுகின்றனர். நான்காமவர்க்கு அவ்வரலாற்றில் உரிய இடம் யாது என்பதை ஒரு சிறு பொருள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வயிற்றிற் பொருத்தும் உணவுக் குழாயைச் சூழ்ந்த தோலே அப்பொருள்.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில், பாகான் டாலாம் உள்ளது. அங்கு வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றலை இழந்த மூதாட்டியார் ஒருவர், வயிற்றிற் பொருத்திய குழாயோடு மருத்துவமனையினின்று வீடு திரும்பியிருக்கிறார். மருமகள் நாள்தோறும் குழாய்வழி நீருணவு செலுத்துகிறார். சில வாரங்களில் குழாயைச் சுற்றித் தோல் சிவக்கிறது, எரிகிறது, ஈரம் கசிகிறது. நலம் விசாரிக்க வரும் உறவினர், "சுத்தமாகப் பார்த்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகின்றனர். அச்சொல் அப்பெண்ணின் நெஞ்சைச் சுடுகிறது. இக்குற்றச்சாட்டு முறையானதுதானா? வரலாறு விடை கூறும்.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்க நாட்டின் வடபுறத்து மாக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் கனடிய இளைஞனின் இடப்பக்கத்தைத் தவறி வெடித்த துப்பாக்கி துளைத்தது. வில்லியம் போமான்ட் என்னும் படை மருத்துவர் அவனைப் பிழைக்க வைத்தார். புண் ஆறிற்று, இரைப்பையில் விழுந்த துளை மட்டும் மூடவில்லை. உண்டது வெளியே வாராதபடி துணித்திண்டு வைத்துக் கட்டவேண்டியிருந்தது. நாளடைவில் உட்புறத்தில் ஒரு மடிப்பு வளர்ந்து, கதவுபோல் துளையை அடைத்துக்கொண்டது.

போமான்ட் 1825இல் சோதனைகளைத் தொடங்கினார். துளை வழியே எடுத்த இரைப்பை நீரைக் குப்பியில் ஊற்றி, அதனுள் இறைச்சியை இட்டு, உடலின் சூட்டில் வைத்துப் பார்த்தார். வயிற்றுக்கு வெளியிலும் இறைச்சி கரைந்தது. இவ்வாறு கண்டவற்றை 1833இல் நூலாக வெளியிட்டார். 1853இல் அவர் மறைந்த பின்னரும், அத்துளையோடே செயின்ட் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தார்.

இதன் கருத்தை ஊன்றி நோக்குக. குப்பியிற் கிடந்த இறைச்சியைக் கரைக்கவல்ல நீர், வயிற்றின்மேல் தோலை மட்டும் விட்டுவைக்குமோ? அந்நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டு. 1836இல் ஷ்வான் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்த பெப்சின் என்னும் செரிமானப் பொருளும் உண்டு. இரைப்பையின் உட்சுவருக்குச் சளிப்படலம் கவசமாக இருக்கிறது. வெளித்தோலுக்கு அக்கவசம் இல்லை. ஆகவே குழாயோரத்துச் சிவப்பைக் கண்டவுடன் அழுக்கென்று முடிவு கட்டுவது பிழை. பலகால் அது கசிவின் விளைவே ஆகும்.

இவ்வுண்மையோடு அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் போராடினர். விழுங்க இயலாதவர்க்கு இரைப்பையில் வாயில் அமைக்கலாம் என்று நார்வே நாட்டு எகபெர்க் 1837இல் கருத்துரைத்தார். பிரான்சு நாட்டுச் செடியோ 1849இல் அதனைச் செய்து பார்த்தார், நோயாளி பிழைக்கவில்லை. 1870களிலேதான் வெற்றி கிட்டத் தொடங்கியது. அதன் பின்னர் எஞ்சி நின்ற பெருந்தொல்லை கசிவு. 1891இல் விட்செல் என்பவர், இரைப்பைச் சுவரை மடித்துத் தைத்து, அச்சுரங்கத்தினூடே குழாயைச் செலுத்தினார். 1894இல் ஸ்டாம் என்பவர், சுருக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டுவது போன்ற தையலால் துளையை இறுக்கினார். இவ்விருவர் பெயரும் இன்றளவும் அறுவை நூல்களில் நிலைத்துள்ளன. எனினும், எத்துணைத் திறமையான தையலும் கசிவை அறவே ஒழிக்கவில்லை.

அந்நாளில் குழாய்கள் பெரும்பாலும் ரப்பரால் ஆயவை. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து இந்நாட்டு ரப்பர் பயிர் பெருகியதும், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தமிழர் உழைப்பும் நம் வாசகர் அறிந்தனவே. நம்மவர் எடுத்த பால் உலகத்து மருத்துவமனைகளிலும் குழாயாகவும் கையுறையாகவும் பயன்பட்டது. ஆயினும் ரப்பர் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. இக்காலத்து உணவுக் குழாய்கள் பெரும்பாலும் சிலிகோன், பாலியூரித்தேன் ஆகியவற்றால் செய்யப்படுகின்றன.

துளையிடும் கலை இவ்வாறு வளர, தோலைக் காக்கும் கலை பின்தங்கியே வந்தது. துத்தநாகக் களிம்பே நெடுநாள் துணையாக இருந்தது. இந்நிலையில் உதவிக்கு வந்த ஒரு பொருள் இந்தியக் காடுகளினின்று சென்றது என்பது நாம் மகிழத்தக்கது. கராயா என்பது காட்டு மரமொன்றின் பிசின். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டும் இயல்புடையது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், குடல் வாயில் அமைக்கப்பட்டவர்க்கு மருத்துவம் செய்த ரூபர்ட் டர்ன்புல், அப்பிசின் தூள் வெந்த தோலைக் காப்பதை 1952இல் கண்டார். பின்னாளில் பெக்டின், ஜெலட்டின் முதலியன சேர்ந்த காப்புத் தகடுகள் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்தன.

டர்ன்புல் செய்த மற்றொரு செயல் இதனினும் பெரிது. தம்மிடம் சிகிச்சை பெற்றுக் குடல் வாயிலோடு வாழ்ந்த நார்மா கில் என்னும் அம்மையாரையே, 1958இல், பிற நோயாளிகளுக்கு வழிகாட்டியாக அமர்த்தினார். 1961இல் இதற்கெனப் பயிற்சியும் தொடங்கியது. நோயை அனுபவித்தவரே உழைச்செல்வாராயினார். அவரிடமிருந்து ஒரு செவிலியர் துறையே பிறந்தது. தோலைப் பேணுவது அறிவும் பயிற்சியும் வேண்டும் ஒரு கலை என்பதை உலகம் அன்றுதான் ஒப்புக்கொண்டது எனலாம்.

அதே கிளீவ்லாந்து நகரில் 1979இல் மற்றொரு திருப்பம் நிகழ்ந்தது. குழந்தை அறுவை மருத்துவர் காடரர், எண்டாஸ்கோப் வல்லுநர் பான்ஸ்கி ஆகிய இருவரும், வயிற்றைப் பெரிதாகத் திறவாமலே ஒரு கைக்குழந்தைக்குக் குழாய் பொருத்தினர். வாய்வழியே எண்டாஸ்கோப்பைச் செலுத்தி உள்ளே பார்த்துக்கொண்டு, வெளியே சிறு துளையிட்டனர். 1980இல் இம்முறை வெளியிடப்பட்டு உலகெங்கும் பரவியது. அதனால், குழாயோடு வீடு திரும்புவோர் தொகை பெருகிற்று. மருத்துவமனை வார்டில் செவிலியர் செய்த வேலை வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது. பாகான் டாலாமில் நாம் எண்ணிப் பார்த்த மருமகள் இந்த வரலாற்றின் வாரிசு.

இனி, வீட்டிலுள்ளோர் அறியவேண்டியன சில. குழாயைச் சுற்றியுள்ள இடத்தை நாள்தோறும் மென்மையான சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஒற்றி உலர்த்தவேண்டும். வெளிவளையத்தின் அடியையும் மறத்தலாகாது. அவ்வளையம் தோலை அழுத்தினாலும் புண்ணாகும். மிகத் தளர்ந்து குழாய் ஆடினாலும் கசியும். கனமான துணிக்கட்டு ஈரத்தைப் பிடித்து வைத்துத் தோலை ஊறச் செய்யும். நனைந்த கட்டை உடனே மாற்றுக. துத்தநாகக் களிம்போ காப்புப் படலமோ செவிலியர் சொற்படி இடலாம். திருநீறு, மஞ்சள், முகப்பவுடர் ஆகியவற்றை அன்பினால் தூவுவோர் உளர். அவை அங்கு வேண்டா.

நோயின் முதலை நாடுக என்பது வள்ளுவர் கொள்கை. இங்கும் அதுவே நெறி. மலச்சிக்கல், இருமல், வயிற்றில் தங்கிய காற்று, உணவை விரைந்து செலுத்துதல், குழாயின் உட்பலூனில் நீர் குறைதல் முதலியன கசிவை உண்டாக்கலாம். குழாயைப் பருமனாக்கினால் கசிவு நிற்கும் என்பது பொதுவாக எழும் எண்ணம். துளை மேலும் விரியவே அது வழி செய்யும். சிவந்த தோலைச் சுற்றிச் சிறு பொட்டுகள் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தே வேறு. காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, கடும் வலி, இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று காணினும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். குழாய் கழன்று விழுந்தால் ஒரு கணமும் தாழ்த்தலாகாது. சில மணி நேரத்திலேயே அவ்வாயில் சுருங்கிவிடும்.

சிவந்த தோலைக் கண்டு, பழிக்கஞ்சி அதனை மறைத்துவைக்கும் வீடுகளில்தான் சிறு புண் பெரும் புண்ணாகிறது. விட்செலும் ஸ்டாமும் தையலிட்டும் முற்ற வெல்ல முடியாத ஒன்றை, ஒரு பெண்ணின் சோம்பலாகக் கருதுவது அறியாமை. அடுத்த முறை நலம் விசாரிக்கச் செல்வோர், "ஏன் சிவந்தது?" என்று அவரை வினவுமுன், "கட்டு மாற்ற நான் உதவட்டுமா?" என்று கேட்பாராக. வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு ஒருவர் தோளில் மட்டும் கிடக்கவேண்டும் என்ற விதி யாதும் இல்லை.