பரிவட்டமும் இடுப்புத் துண்டும்

புரட்டாசியில் திருப்பதி கருட சேவைக்கும், சித்திரையில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் திருவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலையும் வஸ்திரமும் போகின்றன. ஒரு பெண்ணின் உடம்பில் கிடந்தது என்பதுதான் அந்த மாலைக்குப் பெருமை. அங்கே தீட்டு இல்லை.

சாமிக்குச் சாத்திய துணியை மனுசன் தலையில் கட்டினால் பரிவட்டம். அது யார் தலைக்கு, எந்த வரிசையில் என்பதில்தான் ஊரின் சாதிக் கணக்கு இருக்கிறது.

1936இல் ராஜபாளையத்துக்குப் பஞ்சாலை வந்தது. பிறகு பல ஆலைகள். அதிலொன்றில் நூல் சுற்றியவர் எங்க அய்யா. ஆடிப்பூரத் தேரன்று பெரிய வீட்டு ஆட்களைக் கண்டதும் அவர் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கிவிடும்.

"சாமிக்கா அய்யா, ஆளுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானப்பா."

1939 ஜூலை 8இல் வைத்தியநாதய்யரோடு கக்கன் உள்ளிட்ட தலித்துகள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். 1947இல் மாகாணம் முழுக்கக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. கதவு திறந்தது, அய்யாவின் துண்டு ஏறவில்லை.

துண்டை இடுப்பில் கட்டுவது பக்தி என்றால் எல்லாரும் கட்டட்டும். ஒரு சாதி மட்டும் கட்டினால் அது அடிமைச்சீட்டு. நூல் சுற்றியவன் மகன் நான், தோளில் துண்டோடுதான் வடம் பிடிக்கிறேன்.