குடாநாட்டுக் குடும்பப் படங்களும் சிறிய சூம் கமராவும்

யாழ்ப்பாணச் சமூகத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் தேசவழமைச் சட்டத்தையும் ஒல்லாந்தர் காலத் தோம்புகளையும் காணி உறுதிகளையும் மிசனரிமாரின் அறிக்கைகளையும் சான்றாதாரங்களாகக் கொள்வர். வீட்டு அலுமாரிகளிற் கிடக்கும் புகைப்பட அல்பங்களை அவ்வரிசையில் வைத்து நோக்கியோர் மிகச் சிலரே. படம் நினைவுக்குரியது, ஆராய்ச்சிக்குரியதன்று என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஈண்டு நாம் நோக்கப் புகுவது அந்த அல்பங்களையும், 1980களின் பிற்பகுதியில் அவற்றினுள் நுழைந்த ஒரு கருவியையுமாகும். ஒரு குடும்பப் படத்தில் ஒருவருடைய முகம் எத்துணைப் பெரிதாகப் பதிந்திருக்கின்றது? கமரா வாங்கச் செல்வோர் பலரும் கேட்க மறக்கும் இவ்வினா, குடாநாட்டிற் பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்துச் சிறிய வினாவாகத் தோன்றவில்லை.

புகைப்படக்கலை 1839இல் பிரான்சில் உலகறிய வெளியிடப்பட்டது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மனின் கொடாக் கமராவும், 1900இல் ஒரு டொலர் விலையிற் பிறௌனிப் பெட்டிக் கமராவும் வெளிவந்தபோது, மேனாடுகளிற் குடும்பத்தினர் தம்மைத் தாமே படம்பிடிக்கத் தொடங்கினர். குடாநாட்டில் நிலைமை வேறு. பெட்டிக் கமரா வைத்திருந்தோர் அரசாங்க உத்தியோகத்தரும் சட்டத்தரணிகளும் மலாயாவிலிருந்து ஓய்வூதியத்துடன் திரும்பியோருமாகிய ஒரு சிறு பகுதியினரே எனலாம். ஏனையோர்க்குப் படம் என்றால் ஸ்ரூடியோதான். மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளைக்குப் பெண் பேசுகையில், சாதகக் குறிப்போடு கடல்கடந்து சென்றதும் ஸ்ரூடியோப் படமே.

ஸ்ரூடியோப் படத்திற்கு ஓர் இலக்கணம் இருந்தது. தீட்டிய திரை பின்னணியாகும். மூத்தோர் கதிரையிலும் இளையோர் பின்னும் நிற்பர். சிறுவர் நிலத்திற் சம்மணமிட்டிருப்பர். எவரும் சிரிப்பதில்லை. மணவீடும் சாமத்திய வீடும் படத்திற்குரிய நாட்களாயின. மரண வீட்டிற் பிரேதத்தைச் சூழ்ந்து உறவினர் நின்று எடுத்த படங்களும் பல வீடுகளில் உள்ளன. இன்றைய இளைஞர்க்கு இவை திகிலூட்டலாம். ஆயின் சில முதியவர்களுக்கு அவர்தம் வாழ்நாளில் இல்லாத முதற்படம் அதுவாகவே அமைந்துவிட்டது. அந்தியேட்டியன்று வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவு மலரின் முகப்பிற்கும் ஒரு முகப்படம் வேண்டும். ஆகவே குடாநாட்டிற் படமெடுத்தல் தொடக்கம் முதலே ஓரளவு எதிர்கால மரணத்தை நோக்கிய செயலாகவும் இருந்து வந்துள்ளது.

இவ்விடத்து ஒரு சட்டத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். 1968ஆம் ஆண்டின் ஆட்களைப் பதிவுசெய்தற் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. வசதியுடையோர் வீட்டுக் குழுப் படங்களின் ஓரத்தில் மாத்திரம் தோன்றிய, அல்லது தோன்றவே இல்லாத உழைப்பாளர் பலரை முதன்முதலாகக் கமராவின் முன் இருத்தியது இவ்வட்டையே. கலை நோக்கில் அவை வெறும் முத்திரையளவுப் படங்கள். சமூக வரலாற்று நோக்கில், சாதி வர்க்க வேறுபாடின்றி எல்லா முகங்களையும் ஒரே அளவிற் பதிந்த முதற்படங்கள் அவை. என் பெரியம்மா ஒருவர் காலமானபோது கல்வெட்டுக்குப் படந்தேடி ஈற்றில் அவருடைய அடையாள அட்டையையே பெருப்பிக்க வேண்டி வந்தது. நாற்பது ஆண்டுகளாக எல்லாக் குடும்ப விழாக்களுக்கும் சமைத்தவர் அவர். விழாப் படங்கள் எடுக்கப்பட்ட வேளையில் அடுப்படியில் நின்றிருப்பார்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்தன. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட குடாநாட்டு விவசாயிக்கு அக்கட்டுப்பாடுகள் நல்ல விலையைத் தந்தன. ஆனால் அக்காசு கொண்டு புதிய கமரா வாங்குதல் எளிதன்று. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. யப்பானியப் பொருள்கள் கடைகளை நிறைத்தன. மத்திய கிழக்கிற்குச் சென்றோரும் அவற்றைக் கொணர்ந்தனர். 1983 யூலை வன்செயல்களின் பின் இளைஞர் பெருந்தொகையாக மேற்கு ஐரோப்பாவிற்கும் கனடாவிற்கும் பெயரலாயினர். இவ்வாறு குடும்பம் சிதறத் தொடங்கிய காலத்திலேதான் நாம் நோக்கும் கருவியும் தோன்றியது. 1986இல் பென்ரக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சூம் 70 என்னும் கமரா, தானே குவியப்படுத்தும் சூம் வில்லை பொருந்திய முதலாவது சிறிய கமராவாகும். சில ஆண்டுகளுள் ஒலிம்பஸ், கனன் முதலிய நிறுவனங்களும் அவ்வழியிற் சென்றன. வெளிநாட்டிலிருந்து வந்தோரின் பயணப் பையிலும், வருவோர் கையிற் கொடுத்தனுப்பிய பொதிகளிலும் இவை ஊர் வந்தன.

இக்கருவியின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். மேற்குறித்த கமராவின் வில்லையை 35 மில்லிமீற்றர் குவியத்தூரத்திலிருந்து 70 வரை நீட்டலாம். பிலிமின் ஒரு கட்டம் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. நாற்பது பேர் மூன்று வரிசையாக நிற்க, ஐந்து மீற்றர் தொலைவில் நின்று 35இல் எடுத்தால் எல்லோரும் படத்தினுள் அடங்குவர். ஆனால் 20 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒரு முகம் நெகற்றிவில் 1.4 மில்லிமீற்றராகவே பதியும். அம்முகத்தைப் பின்னர் 10 சென்ரிமீற்றர் அளவிற் பெற வேண்டின் ஏறத்தாழ 70 மடங்கு பெருப்பித்தல் வேண்டும். அப்போது கண்ணும் வாயும் வெள்ளி மணிகளாகவும் வண்ணப் புள்ளிகளாகவும் கரைந்துபோகும். மூன்று மீற்றருக்கு நெருங்கி 70இற்கு நீட்டினால் மூவர் நால்வரே அடங்குவர், முகமோ 4.7 மில்லிமீற்றராகும், 21 மடங்கு போதும். மேலும், 35இல் மிக நெருங்கி எடுத்த முகத்தில் மூக்குப் பெருத்துக் காதுகள் ஒடுங்கும். 70இல் விலகி நின்று எடுத்த முகமே நாம் எதிரிருந்து பார்க்கும் முகத்தை ஒத்திருக்கும்.

சூம் வில்லைக்கு விலையும் உண்டு. 35இல் அதன் துவார எண் 3.5, 70இல் 6.7. அஃதாவது நீட்டியபோது உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ நான்கிலொரு பங்காகக் குறைகின்றது. குடாநாட்டுப் பகல் வெளிச்சம் மிகுதியானது எனினும், நண்பகலில் முற்றத்தில் நிறுத்தினால் கண்குழிகள் கறுத்துவிடும். அதனாலேயே பலரும் விறாந்தை நிழலை நாடினர். நிழலில், 100 வேகப் பிலிமில், வில்லையை நீட்டிக் கையிற் பிடித்தெடுத்த படம் ஆடிப் போதல் இயல்பு. பிளாஷ் விளக்கும் உதவாது. வழிகாட்டி எண் 12 உடைய விளக்கெனின், 35இல் மூன்றரை மீற்றர் வரை எட்டும் ஒளி 70இல் இரண்டு மீற்றரைத் தானும் எட்டாது. 400 வேகப் பிலிமை இட்டு, காலை எட்டு மணியளவிலோ மாலை நாலரை மணியளவிலோ, விறாந்தையின் விளிம்பில் முகம் வெளிச்சத்தை நோக்க இருத்தி, தூணிற் சாய்ந்து நின்று எடுத்தோர் நல்ல படங்களைப் பெற்றனர். கமராவைத் தெரிவுசெய்யும்போது சூம் எத்தனை மடங்கு என்று கடைக்காரர் சொல்லும் எண்ணைவிட, நீட்டிய முனையில் துவார எண் யாது என்று கேட்பதே பயனுடைத்து.

எனினும் நடைமுறையில் நிகழ்ந்தது யாது? 36 படங்கள் கொண்ட ஒரு சுருளைப் பிறந்தநாள், கோயிற் திருவிழா, விமான நிலையத்து வழியனுப்பல் என மாதக்கணக்கிற் பகிர்ந்து எடுத்தனர். படமொன்றுக்கு இத்தனை ரூபா என்று கணக்கிட்டபோது, ஒரே படத்தில் எல்லோரையும் அடக்குதலே சிக்கனமாயிற்று. சூம் கமரா வாங்கியோரும் அதனை ஒருபோதும் நீட்டாமல், பின்னோக்கி நடந்து வேலியோடு முதுகு முட்ட நின்று எடுத்தமையை அக்கால அல்பங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்த மகனுக்கு அனுப்பும் படத்தில் ஒருவரும் விடுபடலாகாது என்ற மனநிலையும் இதிற் கலந்திருந்தது. அதனைக் குறை கூறவும் முடியாது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையில் மின்கலங்களும் அடங்கின. வானொலி கேட்பதற்குச் சைக்கிள் தைனமோவைச் சுழற்றிய காலம் அது. பெட்டிக் கமராவிற்கு மின்கலம் வேண்டியதில்லை. சூம் கமராவோ மின்கலமின்றேல் வில்லையைத் திறக்கவும் மாட்டாது. வண்ணப் பிலிமைக் கழுவும் முறை மருந்தை 37.8 பாகை வெப்பத்தில் மாறாது வைத்திருக்க வேண்டுவது. மின்பிறப்பாக்கிக்கு மண்ணெண்ணெய் தேடும் நாட்களில் அது பெருஞ்செலவு. கறுப்பு வெள்ளைப் பிலிமை இருட்டறையிற் கையாற் கழுவலாம். ஆயினும் சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறும் எமது கிணற்று நீரின் வன்மை, உலரும் நெகற்றிவில் வெண்புள்ளிகளை விடுவது. அவ்வாண்டுகளின் படங்களிற் காணப்படும் புள்ளிகளில் ஒரு பகுதி இந்நிலத்தின் நீரே இட்டவை. இவ்வாறு, முகத்தை நெருங்கிப் பதியத்தக்க கருவி வீட்டிற்குள் வந்தும், மிக வேண்டிய ஆண்டுகளில் அது பெரும்பாலும் அலுமாரியில் உறங்கியது.

இருந்த படங்களும் இரு பெரும் வெளியேற்றங்களிற் சிதறின. 1990 ஒக்ரோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினர். உடைமைகள் பறிக்கப்பட்டு வெறுங்கையோடு போனவர்களுக்கு அல்பத்தைப் பற்றி எண்ண நேரமில்லை. குடாநாட்டுக் குடும்பப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் சோனகதெருவின் வெறுமையான சுவர்களை விட்டு எழுதுதல் முறையன்று. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்ரோபர் 30இல், இராணுவம் முன்னேற, வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, அதன்பின் இடமிருந்தால் அல்பம் என்பதே பையில் வைத்த ஒழுங்கு. மாதங்கள் கழித்துத் திரும்பியவர்கள் மழையில் ஒட்டிப்போன படக்கட்டுகளையும் கறையான் அரித்த தாள்களையும் கண்டனர். பலாலியைச் சூழ்ந்த ஊர்களிலோ திரும்பிப் பார்க்க வீடே இருக்கவில்லை. மாறாக, முன்னரே கடல்கடந்து போன படங்கள் தப்பின. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் உள்ள அல்பங்களே இன்று பல ஊர்களின் ஆவணக்காப்பகம்.

1996இல் குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்த பின்னர் நூற்றுக்கணக்கானோர் கைதாகிக் காணாமற் போயினர். முறைப்பாட்டோடு ஒரு படம் வேண்டும். இளைஞன் ஒருவனின் அடையாள அட்டை அவனுடனேயே போயிருக்கும். தாயிடம் எஞ்சியது அக்காவின் கலியாணப் படம், அதிற் பின்வரிசையில் மூன்றாவதாக நிற்பவன். முன்னர் கணக்கிட்ட 1.4 மில்லிமீற்றர் அந்த முகமே. ஆர்ஜென்ரீனாவில் 1977 முதல் மே சதுக்கத்தில் கூடிய தாய்மார் தம் பிள்ளைகளின் அடையாளப் படங்களைப் பெருப்பித்து ஏந்தினர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியிற் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய தொடர் போராட்டத்தில் தாய்மார் ஏந்திய படங்களை உற்றுப் பார்த்தால், சிலவற்றில் தோளருகே வேறொருவருடைய சேலைக் கரையோ மாலையின் ஒரு நுனியோ தெரியும். குழுப் படத்திலிருந்து வெட்டியெடுத்ததன் சுவடு அது. முகமோ மங்கலாகவே இருக்கும். கமராவின் விசை இன்னும் ஒருமுறை அழுத்தப்பட்டிருப்பின், வில்லை அன்று நீட்டப்பட்டிருப்பின் என்று எண்ணாதிருத்தல் கடினம். ஆயின் கலியாண நாளில் அதனை எவர் எண்ணியிருப்பர்?

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது புலம்பெயர்ந்தோர் ஊர் வந்தனர். கையிலிருந்தவை பெரும்பாலும் பிலிம் சூம் கமராக்கள். சிலரிடம் எண்ணிமக் கமராக்கள். பிலிம் செலவு நீங்கியதால் முகங்களை நெருங்கியெடுக்கும் பழக்கம் மெல்ல வந்தது. எண்ணிம முறையிற் புதியதொரு மயக்கமும் சேர்ந்தது. வில்லை நீண்டு பெருப்பிப்பது ஒன்று. பதிந்த உருவின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாகக் காட்டுவது வேறொன்று. பின்னதற்கும் சூம் என்றே பெயரிட்டு விற்கின்றனர். கைத்தொலைபேசியில் விரல்களை விரித்துப் பெறுவது பெரிதும் அதுவே. குழுப் படத்திலிருந்து முகத்தை வெட்டியதற்கும் அதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

வந்தவர்கள் செய்த வேறொரு பணியே எமது நோக்கில் முதன்மையானது. பெரியவர் வீட்டுச் சுவரிலே தொங்கிய ஒரேயொரு பிரதியைக் கமராவாற் படம்பிடித்துச் சென்றனர். 2005இல் எண்ணிம நூலகமாகத் தொடங்கிய நூலக நிறுவனத்தின் முயற்சிகள் வளர முன்னரே, குடும்பங்கள் தாமாக நடத்திய ஆவணப்படுத்தல் இது. சட்டத்தைக் கழற்றிப் படத்தை விறாந்தைக்குக் கொணர்ந்து, பிளாஷை நிறுத்தி, சற்று விலகி நின்று வில்லையை நடு அளவிற்கு நீட்டியெடுத்தால் நேரான பிரதி கிடைக்கும். பின்புறத்திற் பென்சிலால் எழுதிய பெயர்களையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அவசரத்தில் எவரும் சட்டத்தைக் கழற்றவில்லை. ஆதலால் அப்பிரதிகள் பலவற்றில் பாட்டனார் தலைப்பாகையோடு அமர்ந்திருக்க, அவர் மார்பின் மேல் வெண்சுடராய்ப் பிளாஷ் ஒளியும், அதன் பின்னே கண்ணாடியில் மங்கலாகக் கமராவை உயர்த்திப் பிடித்திருக்கும் பேரப்பிள்ளையும் பதிந்திருக்கின்றனர்.