தாமல் வழிச் சத்திரங்கள்

தாமல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெரிய ஏரியை உடைய ஊர். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. அதே சாலையில் கிழக்கே சென்றால் பாலுசெட்டிசத்திரம், இன்னும் தொலைவில் சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்கள் உள்ளன. வழிப்போக்கர் தங்கிய சத்திரமே இங்கு ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது.

மாட்டுவண்டி ஒரு நாளில் சுமார் 25 கிலோமீட்டர் போகும். மாடுகளுக்கு நீரும் நிழலும் வேண்டும் என்பதால் சத்திரத்தை ஒட்டிக் குளமோ கிணறோ, தோப்போ இருக்கும். செல்வந்தர் பல்லக்கில் சென்றனர். பெரும்பாலோர் நடந்தே சென்றனர். தலைச்சுமையுடன் நடப்பவர், தூக்கிவிட ஆளில்லாமலேயே சுமையை இறக்கி ஏற்றுவதற்குச் சுமைதாங்கிகள் இருந்தன. இரு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி இவை அமைக்கப்பட்டன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இவற்றை நிறுவும் வழக்கம் உண்டு.

சத்திரத்தில் தங்கக் கட்டணம் இல்லை. கொடையாளர் எழுதிவைத்த நிலங்களின் வருவாயில் அது நடந்தது. ஆனால் இதை மட்டும் சொல்வது பாதி வரலாறே. பல சத்திரங்களில் சமைத்த உணவு பிராமணருக்கு மட்டுமே; மற்றவர்களுக்கு அரிசி, பருப்பு அளந்து தரப்பட்டது. தீண்டாமைக்கு உள்ளானோர் வாசலைத் தாண்ட முடியவில்லை.

1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அப்பாதை வடக்கே அரக்கோணம் வழியாகப் போனது. நாள்கணக்கில் நடந்த பயணம் மணிக்கணக்கில் சுருங்க, இடையில் இராத்தங்க வேண்டிய தேவையும் குறைந்தது. இன்று பாலுசெட்டிசத்திரம் பேருந்துப் பயணிகளுக்கு ஒரு நிறுத்தத்தின் பெயர்.