வானம் பார்ப்போர் எழுதிய பட்டியல்கள்



1872ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள், சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த நோர்மன் பொக்சன் என்பவருக்கு ஜேர்மனி நாட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கெட்டிங்கன் நகரத்து வானாராய்ச்சி நிலையத் தலைவராகிய கிளிங்கர்பூஸ். 27ஆம் நாள் பீலா பூமியைத் தீண்டிவிட்டது என்றும், சென்டாரஸ் என்னும் தென்வான் உடுக்கூட்டத்திலுள்ள தீற்றா மீனின் அருகே அதனைத் தேடுமாறும் தந்தி கூறிற்று. அவ்வளவே செய்தி. ருஷ்யா வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் அது சென்னையை அடைந்தது.

பீலா என்பது ஒரு வால்வெள்ளி. 1826ஆம் ஆண்டில் வில்லெம் பீலா என்னும் படை அலுவலர் அதனைக் கண்டார். ஏறத்தாழ ஆறே முக்கால் ஆண்டுக்கொருமுறை ஞாயிற்றைச் சுற்றி வருவது அதன் இயல்பு. 1846ஆம் ஆண்டு தொடங்கியபொழுது, நோக்கிக்கொண்டிருந்தவர்கள் வியக்கும்படி அஃது இரண்டாய்ப் பிளந்து நின்றது. 1852இல் இரட்டையாகவே மீண்டும் வந்தது. அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. 1872 நவம்பர் 27ஆம் நாளிரவு, அது செல்லவேண்டிய பாதையைப் பூமி கடந்தபொழுது, ஐரோப்பிய வானத்தில் எரிவெள்ளிகள் மழைபோற் சொரிந்தன. இறந்த வால்வெள்ளியின் துகள்களே இவை என்று பலரும் எண்ணினர். கிளிங்கர்பூஸ் ஒருபடி மேலே சென்றார். துகள்கள் வந்த திசையை அறிந்தால், அவை பூமியைக் கடந்து எத்திசை நோக்கிச் செல்லும் என்பதையும் கணிக்கலாமன்றோ? கணித்தார். தென்வானத்தில் ஓரிடம் கிடைத்தது.

ஆனால் அவ்விடத்தைக் கெட்டிங்கனிலிருந்து காண இயலாது. அந்நகரம் வட அகலக்கோடு ஐம்பத்தொன்றரைப் பாகையில் உள்ளது. தீற்றா மீனோ வானத்தின் நடுக்கோட்டுக்குத் தெற்கே 36 பாகையளவில் உள்ளது. அடிவானத்திலிருந்து 3 பாகைகூட அம்மீன் அங்கே எழாது. சென்னையில் அஃது 41 பாகை உயரம் வரை ஏறும். நமது பல்லேகலையிலே 46 பாகைக்கு மேல் ஏறும். வடக்கே அமர்ந்து கணித்தவருக்குத் தெற்கே ஒரு கண் வேண்டியிருந்தது. அக்கண் சென்னையில் இருந்தது.

பொக்சன் விடியலுக்கு முன்பே எழுந்து காத்திருந்தார். டிசம்பர் தொடக்கம் சென்னைக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. முதலிரண்டு விடியல்களும் முகிலாலும் மழையாலும் வீணாயின. மூன்றாம் விடியலில் முகிலிடையே சிறிதுநேரம் வானம் நீலங் காட்டிற்று. அதற்குள் அவர் மங்கலான ஒரு பொருளைக் கண்டு, பெயரில்லாத ஒரு மீனோடு ஒப்பிட்டு அளந்தார். சில நிமிடங்களுக்குள்ளேயே அஃது இடம் பெயர்ந்தது; ஆகவே அது மீனன்று, வால்வெள்ளியே. மறுநாள் விடியலிலும் கண்டார். அதன்பின் வானம் மூடிக்கொண்டது.

ஒரு வால்வெள்ளியின் பாதையைப் புதிதாகக் கணிப்பதற்கு மூன்று வெவ்வேறு நேரங்களில் அதன் இடம் தெரியவேண்டும். பொக்சனிடம் இரண்டு இரவுகளின் அளவீடுகளே இருந்தன. பிற்காலத்தார் ஆராய்ந்தபொழுது, அவர் கண்ட பொருள் பீலாவின் பாதையோடு பொருந்தவில்லை. அது வேறொரு வால்வெள்ளி என்றே இப்பொழுது கருதுகிறார்கள். பாதை கணிக்க இயலாத வால்வெள்ளிகளுக்கு இடும் ‘எக்ஸ்’ என்னும் எழுத்தைத் தாங்கி அது பதிவேட்டில் நிற்கின்றது. தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தில் தேடி, உண்மையான ஒரு பொருளைக் கண்டு, அதனையும் ஒரு காலை முகிலிலே இழந்த கதை இது.

கலைப் பட்டதாரியாகிய எனக்கு விண்கணிதம் தொழிலன்று. ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராக நேரசூசி தயாரிப்பதே எனக்குத் தெரிந்த தொழில். அந்தக் கண்ணோடு நோக்கும்பொழுது, இத்தந்தியை நான் வரலாற்றின் ஒரு சிறப்பான ஏடாகவே மதிக்கின்றேன். பார்க்க விரும்புகிறவர் ஓரிடத்தில். பார்க்கும் கருவி வேறோரிடத்தில். இருவருக்குமிடையே சில சொற்கள் மாத்திரம். இன்று உலகின் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றுக்கு இந்த நிலையே வழக்கமாகிவிட்டது.

பொக்சனைப்பற்றி இன்னுமொரு செய்தி. விண்மீன்களின் ஒளியைத் தரம்பிரிக்கும் அளவுகோலை 1856ஆம் ஆண்டில் வரையறுத்தவர் அவரே. ஐந்து தரம் மங்கினால் ஒளி நூறிலொரு பங்காகும் என்பது அவர் வகுத்த விதி. இன்று எந்நாட்டில் எவர் பட்டியல் எழுதினாலும் ஒளித்தரம் என்னும் நிரலிலே பொக்சனின் கணக்கையே எழுதுகிறார். அவருடைய முதல் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியாரையும் இங்கே நினைக்கவேண்டும். பஞ்சாங்கக் கணிதத்திலும் வல்லவராகிய அப்பெரியார், 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

அடுத்த நூறாண்டுகளில் வழக்கம் வேறாயிருந்தது. ஆராய்ச்சியாளர் தாமே மலையேறிச் சென்றார். இன்ன மாதம் இன்ன இரவுகள் உமக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவ்விரவுகளில் வானம் தெளிந்தால் அவர் பேறு. மூடினால் வெறுங்கையோடு திரும்பவேண்டியதுதான். தமிழ்நாட்டில் சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1977 மார்ச் 10ஆம் நாளிரவு நடந்ததை நினையுங்கள். யுரேனசு என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் நேரம் அது. பட்டாச்சாரியா, குப்புசுவாமி என்னும் இருவர் அங்கிருந்த ஒரு மீற்றர் தொலைநோக்கியில் நோக்கினர். மறைப்பதற்குச் சற்று முன்பே விண்மீனின் ஒளி ஒருமுறை தாழ்ந்தெழுந்தது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டது என்று அவர்கள் அறிவித்தனர். அதே நேரத்தில் வானூர்தியிலிருந்து நோக்கிய அமெரிக்கரும் பிறரும் கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தபொழுது, யுரேனசைச் சூழ்ந்த வளையங்கள் வெளிப்பட்டன. அந்த ஓரிரவு முகில் மறைத்திருந்தால் காவலூருக்கு அதில் பங்கில்லை.

1990இல் ஹபிள் தொலைநோக்கியை விண்வெளியில் ஏவினார்கள். அதனருகே போய் அமர எவராலும் இயலாது. எந்தப் பொருளை, எவ்வளவு நேரம், எந்த வடிகட்டியால் நோக்குவது என்பதையெல்லாம் முன்னரே எழுதிக் கொடுத்தாகவேண்டும். நிலத்திலுள்ள நிலையங்களும் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டன. சிலி நாட்டிலே ஐரோப்பியரின் மிகப் பெருந்தொலைநோக்கி 1999இல் பணி தொடங்கியபொழுதே, ஆராய்ச்சியாளர் நேரில் வரலாம், அல்லது பட்டியல் அனுப்பி நிலையத்தாரையே நோக்கச் செய்யலாம் என்னும் இருவழிகளும் இருந்தன. இந்தப் பிந்திய வழிக்கே வரிசைமுறை நோக்கல் என்று பெயர்.

வரிசை என்றவுடன் 2022ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன் நாம் நின்ற வரிசை நினைவுக்கு வரும். அங்கே முன்னே வந்தவர் முன்னே பெற்றார். தொலைநோக்கியின் வரிசை அப்படியன்று. நூற்றுக்கணக்கான வேண்டுகோள்கள் காத்திருக்கின்றன. இந்த நேரத்தில் எந்தப் பொருள் உயரத்தில் உள்ளது, காற்று எவ்வளவு அமைதியாயுள்ளது, நிலவு உண்டா இல்லையா என்பவற்றைப் பார்த்து, அந்நிலைமைக்குப் பொருந்தும் வேண்டுகோள்களுள் தகுதியில் முற்பட்டதை எடுத்து நிறைவேற்றுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் வராத பாடவேளைக்கு, அந்த வேளை ஓய்வாயிருப்பவருள் அந்தப் பாடத்துக்கு ஏற்றவரைத் தேடி அனுப்புவதைப் போன்றது இது.

ஆகவே பட்டியல் எழுதுகிறவர் இரவில் அருகிருந்து திருத்தமாட்டார் என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவிற்கொள்ளவேண்டும். முதலாவது இடம். பூமியில் அகலக்கோடு நெடுங்கோடு போல வானத்திலும் கோடுகள் உண்டு. ஆனால் பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால் அக்கோடுகள் ஆண்டுக்கு 50 விகலையளவு நகர்கின்றன. 1872இன் கணக்கை 2000ஆம் ஆண்டுக் கணக்கென்று மயங்கி எழுதினால், பிழை ஒன்றேமுக்காற் பாகை. முழுநிலவு மூன்றை அடுக்கி வைத்தாலும் அவ்வளவு அகலம் வராது. தொலைநோக்கி வெற்று வானத்தை நோக்கும். ஆதலால் எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் எழுதுதல் இன்றியமையாதது. வால்வெள்ளிக்கு ஒரே இடம் போதாது. நேரத்துக்கு நேரம் மாறும் இடங்களின் நிரல் வேண்டும்.

அடுத்தது ஒளியும் நேரமும். ஐந்து தரம் மங்கிய பொருளிலிருந்து அதே அளவு ஒளியைத் திரட்ட நூறு மடங்கு நேரம் வேண்டும். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் உள்ள பொருளின் ஒளி, தலைக்கு நேரே உள்ளதைப்போல் இருமடங்கு காற்றைக் கடந்து வருகின்றது. அதனினும் தாழ்ந்தால் பெரும்பாலும் பயனில்லை. தென்னாபிரிக்காவில் சதர்லாந்து என்னுமிடத்தில் 2005இல் திறக்கப்பெற்ற பெருந்தொலைநோக்கியின் நிலை இன்னும் கடினம். புணே நகரத்து வானியல் மையமும் அதில் ஒரு பங்காளி. 91 அறுகோணக் கண்ணாடிகளாலான அதன் ஆடி உச்சியிலிருந்து 37 பாகை சாய்ந்தபடியே நிலையாக நிற்கும். பக்கவாட்டில் மட்டும் திரும்பும். பொருள் தானாக அதன் பார்வைக்குள் வரும் வேளையில் மாத்திரமே நோக்கலாம். அவ்வேளை அறியாது எழுதிய வேண்டுகோள் வீண்.

எல்லாவற்றினும் பலர் தடுமாறுமிடம், வானிலை பற்றிய கோரிக்கை. நல்லதே வேண்டுமென்று எவருக்குத்தான் ஆசையில்லை? காற்று மிக அமைதியாயுள்ள ஐந்திலொரு பங்கு நேரம். முகிலற்ற பாதி நேரம். வானம் மிக இருண்ட ஐந்திலொரு பங்கு நேரம். மூன்றையும் ஒருங்கே கேட்பவர், இவை ஒன்றையொன்று சாராதன என்று கொண்டு பெருக்கிப் பார்க்கட்டும். நூறு மணி நேரத்தில் அவருக்குக் கிடைப்பது இரண்டே மணி. அந்த இரண்டு மணிக்கும் வேறு பலர் காத்திருப்பர். உண்மையில் எது தேவையோ அதனைமட்டும் கேட்பவரின் வேண்டுகோளே நிறைவேறுகின்றது. திட்டத்தின் முக்கிய பொருள்களை ஒரே திசையில் குவிக்காது, மாதத்துக்கு இரண்டு மணியளவாக மேற்கே நகரும் வானத்தில் அவற்றைப் பரப்பி வைப்பதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

பல்லேகலையிலே இருந்துகொண்டு இதனை ஏன் பேசுகிறேன் என்று நேயர்கள் வினவலாம். நமது மலைநாட்டில் இரு பருவக்காற்றுகளும் முகிலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. எஞ்சிய இரவுகளில் விளையாட்டரங்கின் விளக்கும் கைத்தொழிற்பேட்டையின் விளக்கும் வானத்தை வெளுக்கின்றன. இலங்கையின் மிகப் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று, ஜப்பான் அன்பளித்த 45 சதமமீற்றர்க் கருவி, கட்டுபெத்தையிலே ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் உள்ளது. அங்கும் இதே முகில்தான். ஆனால் லாஸ் கும்ப்ரஸ் என்னும் நிலையம் ஹவாய், ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, சிலி முதலிய இடங்களில் தொலைநோக்கிகளை நிறுவி, அவை யாவற்றையும் ஒரே பட்டியலால் இயக்குகின்றது. அங்கே இரவில் கருவியருகே எவருமில்லை. கணினியே தெரிவு செய்கிறது. கூட்டாளி அமைப்புகள் வாயிலாக மாணவருக்கும் அதில் நேரம் வழங்கப்படுகிறது. நல்ல வானம் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு, நன்றாக எழுதிய பட்டியலே வானத்தைத் தருகின்றது.

கிளிங்கர்பூஸ் இன்று தம் வேண்டுகோளை எழுதினால் இவ்வாறு எழுதியிருப்பார்: பொருள், நகரும் வால்வெள்ளி; இடம், தீற்றா சென்டாரியின் அருகே தொடங்கி மணிக்கு மணி மாறும் இடங்களின் நிரல், 2000ஆம் ஆண்டுக் கணக்கின்படி; தேடவேண்டிய பரப்பு, இரண்டு பாகை; வேளை, ஞாயிறு எழுமுன் ஒரு மணி நேரம்; மெல்லிய முகில் இருப்பினும் தடையில்லை; வெவ்வேறான மூன்று இரவுகள் கட்டாயம்; ஓரிடத்தில் மழையானால் சிலியில், சிலியிலும் இயலாவிடின் தென்னாபிரிக்காவில்.