‘தி இன்னர் லைட்’: ஓர் அறிவியல் புனைகதை அத்தியாயமும் அதன் பார்வையாளர்களும்

‘தி இன்னர் லைட்’ என்பது ‘ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரின் ஐந்தாம் பருவத்தில் வந்த 25ஆவது அத்தியாயம். 1992 ஜூன் மாதத் தொடக்கத்தில் முதன்முதலாக ஒளிபரப்பானது. விண்வெளிப் போரோ வேற்றுலகப் பகைவரோ இல்லாத இந்த அத்தியாயம், 1987 முதல் 1994 வரை 178 அத்தியாயங்களாக வந்த அத்தொடரிலேயே பார்வையாளரின் மனத்தை மிகவும் தொட்டவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அது ஏன் அவ்வளவு பேரைக் கலங்க வைத்தது என்பதும், அந்தக் கலக்கம் பின்னர் எவ்வாறு வெளிப்பட்டது என்பதும் தொலைக்காட்சி வரலாற்றில் படித்தறியத் தக்கவை.

கதைச் சுருக்கம்

எண்டர்பிரைஸ் என்னும் விண்கலம் வழியில் ஆளில்லாத பழைய ஆய்வுக்கலம் ஒன்றைச் சந்திக்கிறது. அதிலிருந்து பாய்ந்த கதிர் பட்டுக் கலத்தின் தலைவர் பிக்கார்ட் நினைவிழந்து விழுகிறார். கண் விழிக்கும்போது அவர் ‘கட்டான்’ என்ற கோளில், ‘ரெசிக்’ என்ற சிற்றூரில் இருக்கிறார். அங்கே அவர் பெயர் காமின். தொழில் இரும்பு வேலை. ஈலைன் என்பவர் தம்மை அவருடைய மனைவி என்கிறார்.

முதலில் அவர் எதையும் நம்பவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஊர் அவருடைய ஊராகிறது. ஒரு மகளும் ஒரு மகனும் பிறக்கிறார்கள். இறந்துபோன நண்பனின் பெயரையே மகனுக்கு வைக்கிறார். குழல் ஊதப் பழகுகிறார். இதற்கிடையே ஊரில் மழை பொய்க்கிறது. மண் செத்துக்கொண்டே வருகிறது. காரணம் அவர்களுடைய சூரியன்தான் என்பதையும், தப்பிச் செல்ல வழியில்லை என்பதையும் அவர் கண்டுபிடிக்கிறார். மனைவி இறக்கிறார். பேரக்குழந்தை வளரும் காலத்தில், ஊரார் வானில் ஏவும் ஒரு கலத்தைக் காண முதியவரான அவரை அழைத்துச் செல்கிறார்கள். அது அவர் முன்பு சந்தித்த அதே ஆய்வுக்கலம். தங்களைப் பற்றி யாருக்காவது சொல்ல வேண்டும் என்பதற்காக அந்த மக்கள் அனுப்பிய நினைவுப் பெட்டகம் அது.

பிக்கார்ட் கண் விழிக்கிறார். அவர் வாழ்ந்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டு; கலத்தில் கழிந்ததோ அரை மணிக்கும் குறைவு. கட்டான் அழிந்து ஆயிரம் ஆண்டாகிவிட்டது. ஆய்வுக்கலத்துக்குள் ஒரு சிறு பெட்டியில் அந்தக் குழல் மட்டும் இருக்கிறது. தனியறையில் அவர் அதை எடுத்து ஊதுவதோடு கதை முடிகிறது.

கதையை மோர்கன் ஜென்டல் எழுதினார். திரைக்கதையில் பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸ் உடன் பணியாற்றினார். பீட்டர் லாரிட்சன் இயக்கினார். பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல்தான் கதையில் காமினின் மகனாக நடித்தார்.

கடிதம் எழுதிய பார்வையாளர்கள்

ஸ்டார் டிரெக் பார்வையாளர்கள் தொடக்கம் முதலே வாய்மூடிப் பார்த்தவர்கள் அல்லர். 1966இல் தொடங்கிய முதல் தொடர் இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, ஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் நாடெங்கும் உள்ள ரசிகர்களைத் திரட்டிக் கடிதம் எழுத வைத்தனர். கலிபோர்னியத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் என்பிசி நிறுவனத்தின் வாயிலுக்கே ஊர்வலமாகச் சென்றனர். தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச் மாதத்தில் ஒளிபரப்பிலேயே அறிவிக்கும்படி ஆயிற்று. இந்தியாவில் அந்த முதல் தொடரை 1980களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது.

ஒளிபரப்புக்குப் பின்

‘தி இன்னர் லைட்’ பெற்ற வரவேற்பின் உறுதியான சான்று 1993ஆம் ஆண்டு ஹியூகோ விருது. அறிவியல் புனைகதைக்கு வழங்கப்படும் இவ்விருதை நடுவர் குழு முடிவு செய்வதில்லை. உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்களான வாசகர்களும் பார்வையாளர்களும் வாக்களித்துத் தேர்கிறார்கள். அவ்வாண்டு நாடகப் பிரிவில் உடன் போட்டியிட்டவை அலாதீன், ஏலியன் 3, பேட்மேன் ரிட்டர்ன்ஸ், பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா ஆகிய பெரும் திரைப்படங்கள். அவற்றைக் கடந்து ஒரு தொலைக்காட்சி அத்தியாயம் வென்றது. அதற்குமுன் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம் ஒன்று இவ்விருதைப் பெற்றது 1968இல். அதுவும் முதல் ஸ்டார் டிரெக்கின் அத்தியாயமே.

இரண்டாவது சான்று அந்தக் குழல். 2006 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனம் தொடரின் படப்பிடிப்புப் பொருள்களை ஏலம் விட்டபோது, அது எதிர்பார்த்த விலையைப் போலப் பல மடங்காக 48,000 டாலருக்குப் போயிற்று. உண்மையில் அது ஊத முடியாத பொம்மைக் குழல். ஒலித்த இசை தனியே பதிவு செய்யப்பட்டது.

எல்லாமே புகழ்ச்சியாக இருந்துவிடவில்லை. ஒருவருடைய சம்மதம் கேளாமல் அவர்மீது ஒரு முழு வாழ்க்கையைச் சுமத்தியது முறையா என்று சிலர் கேட்டனர். மனைவி மக்களோடு நாற்பது ஆண்டு வாழ்ந்து இழந்தவர் அடுத்த அத்தியாயத்தில் வழக்கம்போல் பணிக்கு வந்து நிற்பது எப்படி என்பது மற்றொரு கேள்வி. அந்த அனுபவம் பிக்கார்டை அடியோடு மாற்றியிருக்க வேண்டும் என்பதைத் தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவரான ரொனால்ட் மூரும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

தலைப்பின் இந்தியத் தொடர்பு

அத்தியாயத்தின் தலைப்பு பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் இயற்றிய பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. சீனத்தின் ‘தாவோ தே ஜிங்’ நூலின் 47ஆம் பகுதியைத் தழுவிய அப்பாடலின் இசை 1968 ஜனவரியில் பம்பாயில், இந்தியக் கலைஞர்களின் புல்லாங்குழல், சரோட் முதலிய கருவிகளைக் கொண்டு பதிவாயிற்று.

இலவணன் கதையோடு ஓர் ஒப்பீடு

கணப்பொழுதில் ஒரு வாழ்நாளை வாழ்ந்து முடிப்பது தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. யோகவாசிட்டத்தை வீரை ஆளவந்தார் தமிழில் ‘ஞானவாசிட்டம்’ என்று பாடினார். அதிலுள்ள இலவணன் கதை இதற்கு நெருங்கிய உறவு. அவைக்கு வந்த மாயக்காரன் ஒருவனால் அரசன் இலவணன் மயங்குகிறான். காட்டோரத்து ஏழைக் குடியொன்றில் மணம் செய்து, பிள்ளைகள் பெற்று, முதுமை அடைகிறான். பஞ்சம் வருகிறது. பசித்த பிள்ளைக்காகத் தீயில் விழத் துணியும்போது விழித்துக்கொள்கிறான். அவையில் சற்று நேரமே கழிந்திருக்கிறது. மறுநாள் தேடிச் சென்றால் அந்த ஊரும், தன் மக்களைப் பறிகொடுத்துப் புலம்பும் மூதாட்டியும் அங்கே இருக்கிறார்கள்.

இரண்டிலும் அரசனையோ தலைவனையோ எளிய குடும்பத்தில் வாழ வைத்து, வறட்சியின் வழியே அவர்களுடைய துயரத்தை அறியச் செய்கிறார்கள். வேறுபாடு முடிவில் உள்ளது. ஞானவாசிட்டம் உலகம் மனத்தின் தோற்றம் என்று உணர்த்தி, பற்றை விடச் சொல்கிறது. தொலைக்காட்சிக் கதையோ அந்த மக்கள் உண்மையாகவே வாழ்ந்தவர்கள், அவர்களை மறக்கக் கூடாது என்கிறது. அதனால்தான் பிக்கார்டின் கையில் குழல் எஞ்சுகிறது.

வறண்ட சமவெளியும் நினைவும்

கட்டான் மக்களுக்கு நேர்ந்தது ஒரு நாளில் வந்த அழிவன்று. ஆண்டுக்கு ஆண்டு மண்ணை அள்ளிப் பார்த்து, ஊர் நடுவே நட்ட ஒரு மரத்துக்கு மட்டும் தண்ணீரை மிச்சப்படுத்தி ஊற்றி, மகளின் எதிர்காலத்தை எண்ணி வாய் பேசாமல் இருக்கும் தந்தையின் கதை அது. சேலம், நாமக்கல் சமவெளியின் மேட்டாங்காட்டு உழவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மல்லசமுத்திரம் போன்ற ‘சமுத்திரம்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பெரிய ஏரிகளை நினைவூட்டுபவை. அப்பெயர் தாங்கிய நிலத்திலேயே கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் இறக்கி, மானாவாரி நிலக்கடலைக்கு வானத்தைப் பார்த்திருக்கும் ஆண்டுகள் வந்து போகின்றன.

ஊர் அழிந்தும் அதன் அடையாளம் எஞ்சுவதற்கும் இப்பகுதியில் சான்று உண்டு. 1925 முதல் 1934 வரை மேட்டூர் அணை கட்டப்பட்டபோது காவிரிக் கரையிலிருந்த பல ஊர்கள் நீரில் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகக் குறையும் கோடைகளில் பண்ணவாடிப் பகுதியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. மக்கள் பரிசலில் சென்று பார்த்துவருகிறார்கள். ஆனால் அந்த ஊர்களில் என்ன விதைத்தார்கள், மாலையில் எங்கே கூடினார்கள், பிள்ளைகளுக்கு எந்தப் பெயர்களை வைத்தார்கள் என்பதை நந்தி சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள்.

‘தி இன்னர் லைட்’ கேட்பதும் அதையே. கட்டான் மக்கள் தங்கள் அரசர்களின் பட்டியலையோ போர்களின் கணக்கையோ அனுப்பவில்லை. ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டு அன்றாட வாழ்வை அனுப்பினார்கள். இல்லாத ஓர் ஊருக்காகக் கண்ணீர் விட்ட பார்வையாளர்கள், அத்தியாயம் வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ரெசிக்கையும் ஈலைனையும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். கதையில் அந்த மக்கள் வேண்டியது நிறைவேறிவிட்டது. உண்மையாகவே வாழ்ந்து மறைந்த ஊர்களைப் பொறுத்தவரை, அங்கிருந்து வந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலை இன்றைய மாணவர்களுக்கு மீதமிருக்கிறது.