ஹெட்போன் மிகைப்பியும் இலக்கமுறை மாற்றியும்

ஹெட்போன் தொடக்கத்தில் இசைக்கருவியாக இருக்கவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் 1910ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வானொலித் தொடர்புக்காக வாங்கியது. 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தியதும் அது இசை கேட்கும் கருவியாகப் பரவியது.

1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி, நொடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில் பதியப்படுகிறது. இவ்வெண்களை மீண்டும் மின்னழுத்தமாக மாற்றுவதே இலக்கமுறை மாற்றியின் பணி. அந்த மின்னழுத்தத்தை ஹெட்போனை இயக்கும் அளவுக்கு உயர்த்துவது மிகைப்பி.

1997இல் வெளிவந்த சென்ஹெய்சர் எச்டி 600இன் மின்மறுப்பு 300 ஓம். 1 வோல்ட் அளித்தால் 32 ஓம் ஹெட்போன் சுமார் 31 மில்லிவாட் பெறும். 300 ஓம் ஹெட்போன் சுமார் 3 மில்லிவாட் மட்டுமே பெறும். கையடக்கக் கருவிகளால் இத்தகைய ஹெட்போன்களுக்குப் போதிய மின்னழுத்தம் தர இயலாதபோது தனி மிகைப்பி தேவைப்படுகிறது.

2016இல் ஐபோன் 7இல் ஹெட்போன் துளை நீக்கப்பட்டபோது, மாற்றியும் மிகைப்பியும் விரலளவு இணைப்பிக்குள் அடங்கின. ஆகவே தேர்வின்போது விலையைவிட ஹெட்போனின் மின்மறுப்பும் உணர்திறனுமே முதன்மையானவை. மிகைப்பியின் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை விதி. எளிதில் இயங்கும் ஹெட்போனுக்கு விலையுயர்ந்த மிகைப்பி பெரும்பாலும் வீண்செலவே.